நெப்போலியன் கோபுரம் முதல் கடற்பசு வரை... தஞ்சாவூர் பற்றி பலருக்கும் தெரியாத 5 விஷயங்கள்!

தஞ்சாவூர்னு சொன்னதும் பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, நெல் வயல் தான் நினைவுக்கு வரும். ஆனா, இந்த மாவட்டத்தில் ஆச்சரியங்கள் இன்னும் இருக்கு.

1. நிழல் விழாத கோபுரமா?

1010ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்பது வாட்ஸ்அப் கதை. வெயில் அடிக்கும் காலையிலோ மாலையிலோ போனால், வளாகத்திலேயே நிழலைப் பார்க்கலாம்.

2. நெப்போலியன் தோல்விக்கு நினைவுச் சின்னம்

பட்டுக்கோட்டை பக்கம் கடற்கரையில் நிற்கும் எட்டு அடுக்கு மனோராவைக் கட்டியவர் மன்னர் இரண்டாம் சரபோஜி. 1814ல் நெப்போலியன் வீழ்ந்ததையும், ஆங்கிலேயர் வெற்றியையும் கொண்டாடத்தான்!

3. வயல் மாவட்டத்தில் கடற்பசு

தஞ்சை, புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பு, 2022ல் இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

4. மணலில் நிற்கும் அணை

கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை, ஆற்று மணலில் பாறைகளைப் புதைய விட்டு எழுப்பப்பட்டது. ஆங்கிலேய பொறியாளர் ஆர்தர் காட்டனே இதைப் பார்த்துதான் மணலில் அடித்தளம் போடக் கற்றுக்கொண்டார்.

5. ஒரு தேதியை நம்பும் விவசாயம்

ஜூன் 12. மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள். அன்று தண்ணீர் வந்தால்தான் மழைக்கு முன் குறுவையை அறுக்க முடியும். 2022ல் மே 24லேயே திறந்தாங்க. 2024ல் ஜூலை 28 வரை காத்திருந்தாங்க.

ஏன் இந்த வித்தியாசம்?

2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. இதில் ஜூன் மாதப் பங்கு 9.19 டிஎம்சி மட்டுமே. அதனால், மேட்டூரில் முந்தைய ஆண்டு தண்ணீர் மிச்சம் இருந்தால்தான் ஜூனில் மதகைத் திறக்க முடியும். தாமதமானால், பம்புசெட் இருப்பவர் குறுவை நடுவார். ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பும் சிறு விவசாயி சம்பா வரை காத்திருக்கணும்.

2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு கிணறுகளைத் தடுக்கிறது. நிலத்துக்கு சட்டம் காவல் இருக்கு. ஆனா, அந்த நிலத்துக்கு ஜூனில் தண்ணீர் வருமா என்பதை இப்பவும் மேட்டூர் நீர்மட்டம்தான் முடிவு செய்கிறது.