வெல்டிங் நம் கையில், பொறுப்பு யார் தலையில்?

தோட்டத்துக்கு வரும் சிறிய ட்ரெக்டர், கம்பனி அனுப்பிய உருவத்தில் அதிக நாள் ஓடுவதில்லை. கொழுந்து மூட்டைகளைக் கூடுதலாக ஏற்ற வேண்டும் என்று பெட்டியின் பக்கப் பலகைகள் உயர்த்தப்படுகின்றன. கூரை தாழ்ந்த கொட்டகைக்குள் நிறுத்த வேண்டும் என்று சாரதியின் பின்னால் உள்ள பாதுகாப்பு வளையம் கழற்றப்படுகிறது. கொளுவி ஊசி தொலைந்தால் கம்பித் துண்டொன்று அந்த இடத்துக்கு வருகிறது.

இந்த வேலைகளைச் செய்பவர்கள் நம்மவர்கள். கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை காத்திராமல், பழைய இரும்பை வெட்டி ஒட்டி, மறுநாள் காலையில் வண்டியை மலைக்கு அனுப்பும் திறமை நமது கராஜ் தொழிலாளர்களிடம் உண்டு. அந்தத் திறமையை நாம் மதிக்கிறோம். ஏறி இறங்கப் படி வைப்பது, பனிமூட்டத்துக்கு விளக்குப் பூட்டுவது, சாரதிக்கு மழைத் தகடு போடுவது, ஆயுதப் பெட்டி பொருத்துவது எல்லாம் நல்ல மாற்றங்கள். அவை தொடர வேண்டும்.

ஆனால் நான்கு இடங்களில் கை வைக்கக் கூடாது என்பது நமது உறுதியான கருத்து.

முதலாவது, பாதுகாப்பு வளையம். வண்டி புரண்டால் சாரதி நசுங்காமல் காப்பது அதுவும் இருக்கைப் பட்டியும்தான். சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலேயே புதிய ட்ரெக்டர்களுக்கு இத்தகைய பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதில் துளையிட்டாலும் வெல்டிங் வைத்தாலும் அதன் பலம் குறையும். மழைத் தகட்டைத் தாங்கும் குழாய்கள் ஒருபோதும் அதற்கு ஈடாகா.

இரண்டாவது, கொளுவி. சுமையைத் தாழ்வாகக் கொளுவ வேண்டும். பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி மரக்கட்டையை இழுத்தால் முன் சக்கரங்கள் எழும்பி, ஓரிரு விநாடிகளில் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். குதித்துத் தப்ப நேரம் கிடைக்காது.

மூன்றாவது, பிரேக்கும் பாரமும். பலகையை ஓர் அடி உயர்த்தினால் பாரம் ஏறும், ஆனால் பிரேக்கின் பலம் ஏறாது. பாரம் மேலே போகப் போக, சரிவான தோட்டத்துப் பாதையின் வளைவில் பெட்டி சாயும் ஆபத்தும் கூடும். அந்த மூட்டைகளின் மேல் நமது பெண்களையும் ஏற்றி அனுப்புவதை என்னவென்று சொல்வது?

நான்காவது, பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டின் மூடி. வழமையான வேகத்தில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 தடவை, அதாவது விநாடிக்கு 9 தடவை சுற்றும். சேலைத் தலைப்போ சாரமோ மாட்டினால் இழுத்தெடுக்க ஒரு விநாடிகூட இல்லை.

இவ்வளவும் தெரிந்த கராஜ் தொழிலாளி ஏன் செய்கிறார்? பெரும்பாலும் சொல்லப்பட்டதனால் செய்கிறார். காலையில் பிரட்டுக்களத்தில் வாயால் ஒரு கட்டளை, மாலையில் வேலை முடிந்திருக்க வேண்டும். மிச்சப்படும் பணம் நிர்வாகத்துக்கு, விபத்து நேர்ந்தால் பழி சாரதிக்கும் வெல்டிங் செய்தவருக்கும்.

சட்டத்தையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேரும் விபத்துக்குத் தொழில்தருநரே நட்டஈடு செலுத்த வேண்டும். அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. பாதுகாப்பு மூடியைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியதனால் காயம் ஏற்பட்டு, அது மரணத்தில் முடியாவிட்டால், தொழில்தருநர் நட்டஈட்டுப் பொறுப்பிலிருந்து விலக முடியும். கழற்றச் சொன்னவர் சொன்னதை மறுத்தால் நமக்குச் சாட்சி எங்கே? எழுத்தில் இல்லாத கட்டளையால் கையை இழந்தவர், நட்டஈட்டையும் இழக்க நேரலாம்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு தோட்டத்திலும் வாகன மாற்றங்களுக்கு ஒரு பதிவுப் புத்தகம் வேண்டும். யார் கேட்டார், யார் செய்தார், யார் பரிசோதித்தார் என்று அதில் முகாமையாளரின் கையொப்பத்துடன் பதியப்பட வேண்டும். மேலே சொன்ன நான்கு இடங்களில் பழுது ஏற்பட்டால் உரிய உதிரிப்பாகமே போடப்பட வேண்டும். கொழுந்துப் பெட்டியில் ஆட்களை ஏற்றுவது நிறுத்தப்பட்டு, தூர மலைகளுக்குச் செல்வோருக்கு இருக்கை உள்ள வாகனம் தரப்பட வேண்டும். கராஜில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களின் அனுபவத்தைப் பரீட்சித்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற வழி செய்ய வேண்டும். சான்றிதழுக்கேற்ற சம்பளமும் கொடுக்க வேண்டும்.

சாரதிகளே, கராஜ் தோழர்களே, இந்த நான்கு இடங்களில் கை வைக்கச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் தெரிவியுங்கள். கொழுந்து மூட்டை மேல் ஏறச் சொன்னால் மாதர் தலைவிகள் முன்னின்று மறுக்க வேண்டும். தனியாக மறுப்பவரை வேலையிலிருந்து நிறுத்துவது நிர்வாகத்துக்கு இலகு. தோட்டக் கமிட்டி முழுவதும் ஒன்றாக மறுத்தால் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும்.