அனுபவம் கேட்போர்

கொம்பனி என்ற சொல்லையே பெயரிற் சுமந்து நிற்பது கொம்பனித்தெரு. பேரை வாவியை அண்டி, வரிசை வீடுகள் இருந்த இடங்களில் எழுந்த மாடிக் கட்டடங்களுக்குக் கம்பியும் சீமெந்தும் கொணர்ந்தவை லொறிகளே. அவ்வீடுகளிற் பிறந்த இளைஞன், லொறியொன்றைச் செலுத்தும் முதல் வேலையைத் தேடிச் செல்லுமிடத்து எதிர்கொள்வது ஒரே கேள்வியைத்தான்: "எத்தனை வருச அனுபவம்?"

கேள்வி நியாயமானதன்றோ என்பர் சிலர். அதில் ஓரளவு நியாயம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. நிறைசுமையுடன் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும் லொறியைப் பிரேக்கினால் மாத்திரம் அடக்க முனைபவன், பிரேக் சூடேறி வலுவிழப்பதைக் காலங்கடந்தே உணர்வான். கீழ்க் கியரில், எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழக்கம் ஏட்டுப் படிப்பால் வருவதன்று. ஆயின் அப்பழக்கத்தை எவர் செலவில், எவர் வண்டியிற் பெறுவது? இதற்கு முதலாளியிடம் விடையில்லை.

சட்டம் அனுபவத்தை முற்றாக மறந்துவிடவில்லை. கனரக வாகன அனுமதிப்பத்திரம் கோருபவன், இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் கழிந்திருத்தல் வேண்டும் என்பது விதி. வீட்டு வாசலிற் கார் நிற்பவனுக்கு அவ்விரண்டு ஆண்டுகளும் பயிற்சி. வரிசை வீட்டு இளைஞனுக்கோ வெறும் காத்திருப்பு. விதியை வகுத்தோர் எல்லா வாசல்களிலும் கார் நிற்பதாகக் கனவு கண்டனர் போலும்.

எஞ்சியிருப்பது கிளீனர் வேலை. புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெரு நெரிசலிற் பின்னால் நின்று, லொறியைப் பின்னுக்கு எடுக்க வழிகாட்டுபவன் அவன். தார்ப்பாய் கட்டுபவனும் சில்லுக் கழற்றுபவனும் அவனே. டிரைவர் கண்ணயராதிருக்க இரவு முழுவதும் பேச்சுக் கொடுப்பதும் அவன் பொறுப்பே. விடியற்காலை வெறும் வண்டியாகத் திரும்புகையில், டிரைவர் மனமிரங்கினால், ஆளற்ற வீதியிற் சிறிது தூரம் ஸ்டியரிங் அவன் கைக்கு வரும். இதுவே இத்தொழிலின் பல்கலைக்கழகம்! அனுமதிப்பத்திரம் இல்லாதவன் அவ்வாறு ஓட்டுவது குற்றம்; அதனாற் கற்றல் களவாகிறது. பாதுகாப்பை முன்னிறுத்தி வாதிடுவோர் முதலில் அஞ்ச வேண்டியது இந்தக் களவுக் கல்வியையே.

இதனினும் கொடியது வேறொன்றுண்டு. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஊழியனின் பங்கு 8 வீதம், தொழில்கொள்வோன் பங்கு 12 வீதம். அதற்கெனச் செலுத்தப்படும் ஒவ்வொரு மாதப் பணமும் அவன் அங்கே உழைத்தான் என்பதற்கு எழுத்திலான சான்று. ட்ரிப் கணக்கிற் கைக்காசு பெறும் கிளீனரின் பெயர் அப்பதிவேட்டில் ஏறுவது அரிது. நியமனக் கடிதமும் இல்லை. ஐந்தாண்டு உழைத்தவனும் அடுத்த முதலாளியின் முன் அனுபவமற்றவனாகவே நிற்கிறான். சான்று கேட்கும் வர்க்கமே சான்றை அழிக்கும் வர்க்கமாகவும் இருக்கிறது.

அனுபவம் என்னும் நிபந்தனை மலைபோல் அசையாததுமன்று. பிரித்தானியாவில் 2021இல் லொறிச் சாரதிகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டுக் கடைத் தட்டுகள் வெறுமையுற்றபோது, புதியவர்களைப் பயிற்றுவிக்க அரசே பணம் ஒதுக்கியது. தேவை மூலதனத்தின் கழுத்தைப் பிடித்தவுடன் அனுபவமற்றவனும் ஆளாகிவிட்டான்!

தொழிலிடத்திற் கற்றவனின் திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு, இந்நாட்டின் தேசிய தொழிற்றகைமை முறையில் இருக்கவே செய்கிறது. கிளீனர் அதன் வாசலை அடையத் தடையாயிருப்பது, அவன் உழைத்த நாட்களை எவரும் எழுதி வைக்காமையே. ஏற்றிய சுமைக்கும் ஊற்றிய டீசலுக்கும் லொறிக்காரர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதே கொப்பியில், அந்த ட்ரிப்பில் உடன் சென்றவனின் பெயரையும் எழுதிக் கையொப்பமிடட்டும். அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் முதல் ஆறு மாதம் மூத்த டிரைவரின் பக்கத்தில், முழுச் சம்பளத்துடன், பகல் வெளிச்சத்தில் அவன் ஓட்டட்டும். அதன் பின்னர் கேட்கட்டும், எத்தனை வருச அனுபவம் என்று.