பொறி எங்கே தவறுகிறது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பருவமழை தொடங்கியதும், பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் பழைய மோட்டார் வண்டிகள் ஆங்காங்கே நின்றுவிடுவதைக் காண்கிறோம். நிந்தவூரிலிருந்தோ சாய்ந்தமருதிலிருந்தோ கல்முனை வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிவரும் வண்டி நள்ளிரவில் நின்றுவிட்டால், அஃது ஓர் உயிரைப் பற்றிய கவலையாகிவிடுகிறது.

அவ்வேளையில் "பற்றறி போய்விட்டது" என்பார் ஒருவர். "கொயிலை மாற்றுங்கள், காக்கா" என்பார் இன்னொருவர். அனுமானத்தை நம்பிப் பொருள் வாங்கினால் பணம் போகும்; கோளாறு அப்படியே இருக்கும். மருதமுனை நெசவாளர் நூல் அறுந்தால் தறியை மாற்றுவதில்லை. அறுந்த இடத்தையே தேடுகிறார். நாமும் அவ்வழியே செல்வோம்.

பற்றறி தருவது 12 வோல்ட் மட்டுமே. மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளில் பிளக்கின் இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் 25 கூறு. அச்சிறு வெளியைத் தாண்டவும் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். கொயிலினுள் தடித்த கம்பி சில நூறு சுற்றுக்களும், மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுக்களும் கொண்டிருக்கின்றன. 'பொயின்ற்' திறந்து மின்னோட்டம் அறுபடும் கணத்தில் மெல்லிய சுருளில் உயர் அழுத்தம் பிறக்கிறது. 1831 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்ட தூண்டல் தத்துவம் இதுவே. நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழன்றால், செக்கனுக்கு 100 பொறிகள் வேண்டும்.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலில் கியரை நியூட்ரலில் விட்டுக் கைபிரேக்கை இழுத்துவிடுக. பெற்றோல் ஒழுகினாலோ மணத்தாலோ பொறி காட்டவே கூடாது. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரை மீண்டும் மாட்டி, பிளக்கின் உலோக உடல் இயந்திரத்தின் உலோகத்தைத் தொடுமாறு வைக்க வேண்டும். கழற்றிய துவாரத்திலிருந்து பெற்றோல் ஆவி பீறிடுமாதலால், அதற்கு அருகே வைத்தல் ஆகாது. வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது. பின்னர் ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்க, மற்றவர் பார்க்கட்டும்.

நீல நிறத்தில் பளிச்சென்று பொறி பாய்ந்தால், பெரும்பாலும் குறை பெற்றோல் வழியில் இருக்கலாம். மஞ்சளாய் மெலிந்து வந்தால் நம்ப வேண்டாம். அமுக்கப்பட்ட கலவையினுள் அப்பொறி தோற்றுவிடும். பொறியே இல்லையாயின், நல்லதென்று தெரிந்த வேறொரு பிளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் இல்லையெனில், டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடு வயரைக் கழற்றி, காப்பிட்ட குறட்டினால் பிடித்து, உலோகத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துச் சோதிக்கலாம். அங்கே பொறி வந்தால் கொயில் குற்றமற்றது. மூடி, ரோட்டர், பிளக் வயர் ஆகியவற்றில் ஒன்றே குற்றவாளி. வராவிடில் பொயின்ற், கொண்டன்சர், கொயில், பற்றறியிலிருந்து வரும் வயர் என்று பின்னோக்கிச் செல்க.

நம் கரையோரத்தில் முதலில் ஐயுற வேண்டியது ஈரத்தையே. உப்புக்காற்றும் மழைச்சாரலும் மூடியினுள் படிந்தால், மின்சாரம் பிளக்கிற்குச் செல்லாது ஈரத்தின் வழியே ஒழுகிவிடும். உலர்ந்த சுத்தமான துணியால் உள்ளும் புறமும் துடைப்பதற்குக் காசு செலவில்லை.

இலத்திரனியல் முறையில் பொறி எழுப்பும் இக்காலக் கார்களுக்கு இம்முறை பொருந்தாது. வயரைத் திறந்து பிடித்தால் விலையுயர்ந்த பாகம் பழுதாகலாம், மின்னதிர்ச்சியும் கடுமையானது. அதற்கென்றுள்ள சோதனைக் கருவியையே பயன்படுத்த வேண்டும். இதயத்தில் மின்கருவி பொருத்தியவர்கள் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

மாணவர்களே, பரடேயின் தத்துவத்தைப் பரீட்சைக்கு எழுதுவதோடு அமையாது, அயலிலுள்ள கராஜுக்கு ஒருநாள் சென்று அதனைக் கண்ணாலும் கண்டு வாருங்கள். வண்டி வைத்திருக்கும் பெற்றோர், மழை வருமுன்னரே அந்த மூடியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நன்று.