சாவியைச் சத்தம் போட்டுச் சொல்லலாமா?



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஒரு மில்லில் வாட்ச்மேன். போன லீவில், "காலேஜ்ல என்னப்பா சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டார். "எங்கேயோ இருக்கிற ஸ்விட்ச் பெட்டியை இங்கே உட்கார்ந்துகிட்டே வேலை வாங்கலாம்ப்பா" என்றேன். "அப்ப அதோட சாவி யாருகிட்ட இருக்கும்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நம் நெட்வொர்க் லேபை நினைத்துப் பாருங்கள். புது ஸ்விட்சுக்கு முகவரி கிடையாது. கன்சோல் கேபிளைச் செருகி, வேகத்தை 9600 என்று வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துதான் அதனுடன் பேச வேண்டும். வி.லேன் 1-க்கு ஒரு ஐ.பி. முகவரி, டீஃபால்ட் கேட்வே, பாஸ்வேர்டு எல்லாம் கொடுத்த பிறகு கேபிளைக் கழற்றிவிடலாம். அடுத்த மாடியிலிருந்தும், ஏன், அடுத்த ஊரிலிருந்தும் அதை நிர்வகிக்கலாம். நாம் டெல்நெட் வழியாக உள்ளே போனோம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். பாடம் முடிந்தது. ஆனால் அங்கே முடிந்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

ஒருநாள் என் கம்ப்யூட்டரில் வயர்ஷார்க்கை ஓடவிட்டிருந்தேன். நண்பன் அதிலிருந்தே ஸ்விட்சுக்கு டெல்நெட் போட்டான். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. ஆனால் வயர்ஷார்க்கில் எழுத்து எழுத்தாக வரிசை கட்டி நின்றது! "டேய் மாப்ள, இது என் பாஸ்வேர்டுடா!" என்று அலறினான். வழியில் நின்று கேட்கும் எவனுக்கும் அது அப்படித்தான் தெரியும். ஏனென்றால் டெல்நெட் எதையும் பூட்டி அனுப்புவதில்லை. சாவி இருக்கும் இடத்தைத் தெருவில் நின்று கத்திச் சொல்வது போலத்தான் இது.

இது புதிய செய்தியும் அல்ல. பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படித்தான் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டார்கள். அதனால்தான் அங்கிருந்த டாட்டு யூலோனென் 1995-இல் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். டெல்நெட்டுக்குப் போர்ட் 23, இதற்கு 22. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். பாதுகாப்பிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2016-இல் மிராய் என்ற வைரஸ், டெல்நெட் திறந்து கிடந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே போட்டு உள்ளே புகுந்தது.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் ஸ்விட்ச்களுக்கெல்லாம் டெல்நெட்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் ராக்கின் மேல் ஒட்டியிருந்தது. "ஏன் சார் இப்படி?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. 'படிக்க வந்த பையனுக்கு என்ன பேச்சு?' என்பார்களோ என்று விழுங்கிவிட்டேன். என்னைப் போன்ற முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் கொஞ்சம் அதிகம்.

"பழைய ஸ்விட்ச்களில் எஸ்.எஸ்.எச். வராதே, டெல்நெட்தானே சுலபம்" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். பழையதை கன்சோலில் நிர்வகிப்போம். டெல்நெட்டையும் நடத்தட்டும், ஆனால் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு நடத்தட்டும். அடுத்த வகுப்பிலேயே ஹோஸ்ட்நேம், டொமைன் பெயர், ஆர்.எஸ்.ஏ. சாவி, ஆளுக்கொரு யூசர்நேம், கடைசியாக 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்.எஸ்.எச்.' என்று அடித்து டெல்நெட்டை மூடக் கற்றுத் தரட்டும். மொத்தம் பத்து வரிகூட வராது. முதல் முறை நுழையும்போது காட்டும் கைரேகை எண்ணைப் பார்க்காமலே 'எஸ்' அடிக்கும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும்.

நண்பர்களே! நாளை ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின், வங்கியின் ஸ்விட்ச் நம் கையில்தான் இருக்கும். என் அப்பா ஐந்தாவதுதான் படித்தார். ஆனாலும் மில் சாவிக்கொத்தை எங்கே வைக்கிறார் என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. டிப்ளமோ வாங்கப்போகும் நாம் அவரைவிட அஜாக்கிரதையாக இருக்கலாமா?

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் மாணவன்