பேராசை யாருக்கு?

ஆருத்ரா என்று பேச்சு வந்தால் போதும், செவ்வாப்பேட்டை ரோடில் ஏறிய மின்சார ரயில் திருநின்றவூரைத் தாண்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "பேராசை சார், வேற என்ன? பட்டாத்தான் புத்தி வரும்." சொல்கிறவர் மனைப்பிரிவில் ஒரு பிளாட்டை வாங்கிப் போட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவராக இருப்பார். அது முதலீடாம்.

இந்தத் தீர்ப்பின் மேல் எனக்குக் கடும் கோபம். பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் கணக்குப்படி, 2022 மே மாதம் சோதனை நடப்பதற்குள் ஆருத்ரா கோல்டு டிரேடிங் வசூலித்தது சுமார் 2,438 கோடி ரூபாய். போட்டவர்கள் 1 லட்சத்து 9 ஆயிரம் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு இரண்டேகால் லட்சத்தை ஒட்டி வரும். அன்றைய விலையில் ஆறு சவரன். சராசரிதான், கோடி போட்டவரும் இருந்திருப்பார். ஆனாலும் ஆறு சவரனைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்றால் சந்தேகம் வர வேண்டாமா? வந்திருக்க வேண்டும்தான். நாலு மாதத்தில் முதலையே திருப்பிக் கொடுக்கும் வட்டி அது. வங்கியில் அப்போது வருஷத்துக்கே 5 சதவீதத்தை ஒட்டித்தான் கிடைத்தது. ஆனால் சதவீதத்தைப் பார்த்து யாரும் பணம் போடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு மூணு மாசம் தவறாமல் வந்ததைப் பார்த்துப் போடுகிறார்கள். புதிதாக வருபவரின் முதலை எடுத்து, முன்னால் வந்தவருக்கு வட்டி என்று கொடுக்கும் போன்சி திட்டங்கள் ஓடுவதே இப்படித்தான்.

வள்ளுவர் அழுக்காறாமையை 17ஆம் அதிகாரத்திலும் வெஃகாமையை 18ஆம் அதிகாரத்திலும் வைத்தார். அடுத்தடுத்து, ஆனால் தனித்தனியாக. அடுத்தவர் வாழ்வதைப் பொறுக்க முடியாதது ஒன்று. அடுத்தவர் பொருளையே எடுத்துக்கொள்ள நினைப்பது இன்னொன்று. நாமோ இரண்டையும், கூடவே 'நமக்கும் ஒண்ணு இருந்தா தேவலை' என்கிற சாதாரண ஆசையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். பக்கத்து வீட்டு பைக்கைப் பார்த்துத் தனக்கும் ஒரு பைக் வேண்டும் என்று நினைப்பவர் அந்த பைக்கைக் கேட்கவில்லையே.

வெஃகியவர் யார் என்று கேட்டால், ஆருத்ராவைப் பற்றி கோர்ட் சொல்லட்டும். பொதுவாக இந்த மாதிரித் திட்டங்களில் ஆள் பிடிப்பவர்களைப் பாருங்கள். "சித்தி, வளையலை அடகு வச்சாவது போடுங்க, நான் இருக்கேன்ல." தன் பணத்தையும் போட்டு ஏமாந்தவர் என்றால் விட்டுவிடலாம். வட்டி தள்ளிப்போகத் தொடங்கிய பிறகும் கமிஷனுக்காக ஆள் சேர்த்தவருக்குக் கண் சித்தியின் வளையல் மேல்தான். அவரைப் பேராசைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை, 'பொழைக்கத் தெரிந்தவர்' என்கிறோம்.

1990களில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் கவிழ்ந்ததைப் பார்த்துத்தான் 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்பெனியின் சொத்தை முடக்கி, தனி நீதிமன்றம் வழியாகப் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அதில் வழி இருக்கிறது. போட்டவரின் ஆசை எவ்வளவு பெரிது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. நாம்தான் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்தே, புருஷனுக்குக்கூடச் சொல்லாமல், புகாரும் கொடுக்காமல் ரசீதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.