ரப்பர் கைக்கும் எலும்பு உண்டு

பழைய கறுப்பு வெள்ளை கார்ட்டூன்களில் வரும் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? முழங்கை கிடையாது, மணிக்கட்டு கிடையாது. தோளில் ஆரம்பித்து விரலில் போய் நிற்கும் ஒரு கறுப்புக் குழாய், அவ்வளவுதான். 1928-ல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி'யில் மிக்கி மவுஸ் கப்பலின் சுக்கானைச் சுற்றுவது இந்த மாதிரிக் கையால்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப் போல இருப்பதால் 'ரப்பர் ஹோஸ்' என்று பெயர்.

இப்போது அதே கையைக் கணினியில் செய்வது ரொம்பச் சுலபம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2007-லேயே பப்பெட் டூல் வந்துவிட்டது. படத்தில் நாலு இடத்தில் பின் குத்தி இழுத்தால் வளையும். பிளெண்டரில் ஒரே எலும்பைப் பல துண்டாக வளைக்கும் 'பெண்டி போன்ஸ்' இருக்கிறது. ரப்பர் கைக்கென்றே தனி ப்ளக்-இன்களும் உண்டு. தோளில் ஒரு புள்ளி, மணிக்கட்டில் ஒரு புள்ளி. இழுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வளைகிறது. மாணவர் குஷியாகிவிடுகிறார். ரிக் முடிந்தது, பாதி அனிமேஷனும் முடிந்தது என்று நினைப்பு!

முடியவில்லை சார். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஒரு சின்னச் சோதனை. அந்தக் கதாபாத்திரத்தை 'டாட்டா' காட்டச் சொல்லுங்கள். முதல் ஃபிரேமில் கை மேல்நோக்கி வளைந்திருக்கட்டும், ஒன்பதாவது ஃபிரேமில் கீழ்நோக்கி. நடுவில் இருப்பதைக் கணினியே நிரப்பிக்கொள்ளும். ப்ளே பண்ணிப் பாருங்கள். தோள், நடுக்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் போய்ச் சேர்கின்றன. பாதி வழியில் கை ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராக நிற்கிறது. இது ரப்பர் கை இல்லை, மழை நாளில் பஸ் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்.

நிஜ ஹோஸ் பைப்பின் ஒரு முனையைப் பிடித்துச் சொடுக்கிப் பாருங்கள். பிடித்த இடம் முதலில் இறங்கும். நடுப்பகுதி கொஞ்சம் கழித்து இறங்கும். நுனியோ இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்! அலை கையிலிருந்து நுனிக்கு ஓடுகிறது. ரப்பர் என்பதே இந்தத் தாமதம்தான். வளைவு அதன் விளைவு.

அந்தக் கால அனிமேட்டர்கள் முழங்கையை விட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் வேகம். படம் படமாகக் கையால் வரைய வேண்டியிருந்தது. குழாய் போட்டால் சீக்கிரம் முடியும். ஆனால் முழங்கையை விட்டது பேப்பரில் மட்டும்தான். எந்த இடம் முதலில் நகரும், எது பின்தங்கும் என்ற கணக்கு மண்டையில் இருந்தது. பின்னாளில் ஆர்ட் பாபிட் போன்றவர்கள் மூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக 'உடைத்து' எலும்புள்ள கையையும் குழைய வைத்தார்கள். ரிச்சர்ட் வில்லியம்ஸ் 2001-ல் எழுதிய 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்' புத்தகம் இதைப் படம் போட்டு விளக்குகிறது. எலும்பில்லாத கையைக் குழைக்கவும் எலும்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

"கீ ஃபிரேமை ரெண்டு ஃபிரேம் தள்ளி வைத்தால் தாமதம் வந்துவிடுமே?" என்று கேட்பார்கள். வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினால், கடலுக்கடியில் ஆடும் பாசி மாதிரி கை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். குத்துவிடும் கைக்கு ஒரு ஃபிரேமாவது விறைப்பு வேண்டாமா? விறைக்கவே தெரியாத கையால் ஒருத்தனை அடிக்க முடியாது, ஒரு மூட்டையைத் தூக்க முடியாது. எங்கே விறைக்க வேண்டும், எங்கே தொய்ய வேண்டும் என்பதை எந்த ப்ளக்-இன்னும் முடிவு செய்யாது.

கணினியே கூடாது என்பதல்ல வாதம். ஜான் லாசெட்டர் 1987-லேயே, கையால் வரைந்த காலத்து விதிகளைக் கணினிக்கு எப்படிக் கொண்டுவருவது என்று கட்டுரை எழுதினார். 2012-ல் வந்த 'ஹோட்டல் டிரான்சில்வேனியா'வில் இயக்குநர் கெண்டி டார்டகோவ்ஸ்கி, 3டி உருவங்களைக் கையால் வரைந்த கார்ட்டூன் போல இழுத்துப் பிதுக்க வைத்தார். 2017-ல் வந்த 'கப்ஹெட்' விளையாட்டோ ரிக் பக்கமே போகாமல் பேப்பரில் வரைந்தே 1930களைக் கொண்டுவந்தது. விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடினாலும், அதன் கார்ட்டூன் அசைவு நொடிக்கு 24 ஃபிரேம்தான். மழமழவென்று இருப்பதுதான் அழகு என்றால் அவர்கள் ஏன் அதை 60-க்கு ஏற்றவில்லை?

தினமும் பல நிமிடம் படம் தள்ள வேண்டிய டிவி தொடருக்கு ரிக் இல்லாமல் முடியாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அப்படியென்றால் ரிக்கை ஒழுங்காகக் கட்டுங்கள். தோள், நடுக்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருக்கட்டும். வளைவை ஒரே ஃபிரேமில் பூஜ்யமாக்க ஒரு ஸ்விட்ச் இருக்கட்டும். தேவைப்பட்டால் கையை மறைத்துவிட்டு அந்த இடத்தில் வரைந்த கையை ஒட்ட வழி இருக்கட்டும்.

'வரையத் தெரியாவிட்டாலும் அனிமேட்டர் ஆகலாம்' என்று விளம்பரம் செய்து ஃபீஸ் வாங்குகிறவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். அதை நம்பிச் சேரும் மாணவரின் ஷோ ரீலில் இருப்பது ப்ளக்-இன் எழுதியவரின் திறமை. அடுத்த ப்ளக்-இன் வந்ததும் அந்த ரீல் பழசாகிவிடும், வேலையும் கூடவே போகும். சாஃப்ட்வேரைத் திறக்கும் முன் நோட்டின் மூலையில் எட்டே எட்டுப் படம் வரைந்து புரட்டிப் பார்த்தவருக்கு அந்தப் பயம் கிடையாது. எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் அவர் கை அசையும்.