வரைகிறவரும் விற்கிறவரும்



சென்ற இதழில் உப்பையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி எழுதியிருந்தேன். அடுத்ததாக நீரிழிவைப் பற்றி எழுதும்படி சிலர் கேட்டிருந்தார்கள். அதற்கு முன்னர், இம்முறை உடம்பை விட்டு உடம்பு குடியிருக்கும் வீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த பின் அன்னதான மண்டபத்தில் நடந்த ஒரு வாக்குவாதமே அதற்குக் காரணம்.

நமது ஞாயிறு தமிழ்ப் பாடசாலையில் அரிச்சுவடி படித்த பிள்ளை ஒருத்தி. பெயர் வேண்டாம். வீட்டின் உள்ளமைப்பை வடிவமைக்கும் படிப்பைப் படித்து, சில வருடங்கள் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தவள். இப்போது வீட்டு முகவருக்கான அனுமதிப் பத்திரமும் எடுத்து, இரண்டு தொழிலையும் சேர்த்துச் செய்யப் போகிறாளாம். வீடு வாங்க நினைப்பவருடன் துணையாகப் போய்ப் பார்ப்பது, வாங்கிய வீட்டைத் திருத்துவதற்குப் படம் வரைந்து கொடுப்பது, விற்க நினைப்பவருக்கு எதைத் திருத்தினால் போதுமென்று சொல்லி விற்றும் கொடுப்பது. இதைக் கேட்ட பெரியவர் ஒருவர் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"உரைகல்லும் தராசும் ஒரே கையிலை எண்டால், பவுணின்ரை மாற்றை ஆர் பிள்ளை சொல்லுறது?"

பிள்ளை கோபிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "டொக்டர் மாமா, நீங்கள் சொல்லுங்கோ. நான் செய்யப் போறது பிழையே?" என்று கேட்டாள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று தப்பிவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், முதலில் என் மனம் பெரியவர் பக்கமே சாய்ந்தது. மருந்து எழுதுகிறவர் ஒருவர், மருந்து விற்கிறவர் இன்னொருவர் என்ற ஒழுங்கில் பழகியவன் நான். எழுதுகிறவருக்கே கடையும் இருந்தால், அவருடைய ஒரு கண் நோயாளியின் நாக்கிலும் மற்றக் கண் கடைத் தட்டிலும் இருக்கும். நல்ல மனிதராக இருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் எங்கள் முதல் வீட்டை நினைத்தபோது அந்த உறுதி தளர்ந்தது.

ஊரில் நம்மவர் முன்பின் தெரியாத ஒரு வீட்டை வாங்குவது அபூர்வம். வீடு சீதனமாக வரும்; அல்லது சொந்தக் காணியில் மேசனைப் பிடித்துக் கட்டுவோம். காணியை விற்பதென்றாலும், பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்பது தேசவழமை. ஆகவே வாங்குகிறவருக்கு அந்த வீட்டின் கிணறும் தெரியும், கூரையில் எந்த ஓட்டினால் ஒழுகும் என்பதும் தெரியும். வீட்டைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் நமக்குத் தேவைப்படவில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் 1999இல் நானும் மனைவியும் சிட்னியின் மேற்குப் பகுதியில் வீடு பார்த்தோம். அழைத்துச் சென்ற முகவர் மிகவும் அன்பாகப் பேசினார். மனைவி அவரை "எங்கடை ஏஜென்ற்" என்றே சொல்லுவாள். அவர் விற்பவருடைய முகவர், அவருக்குக் கூலி கொடுப்பவரும் விற்பவரே என்பது எங்களுக்கு விளங்கவில்லை. மனையடி சாத்திரம் பார்த்து அக்கினி மூலை எது, சுவாமி அறையை எங்கே வைக்கலாம் என்றெல்லாம் ஆராய்ந்தோம். வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்க மறந்துவிட்டோம். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே. சிட்னியோ தெற்கே ஏறக்குறைய 34ஆம் பாகையில். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகவே போகிறான். குளிர்காலத்தில் தெற்கு நோக்கிய அறைக்கு வெயில் எட்டிப் பார்ப்பதில்லை.

நாங்கள் மகனைப் படுக்க வைத்தது அப்படியொரு தெற்கு அறையில். புதிதாகப் பூசிய வர்ணத்தின் மணம் போன பிறகு, யூலை மாதத்தில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுவதும் கறுப்பாகப் பூஞ்சணம். பிள்ளைக்கு இரவில் இழுப்பு. நோயாளிகளிடம் "வீட்டிலை ஈரம் இருக்கோ?" என்று தினமும் கேட்கிற வைத்தியனுக்குத் தன் வீட்டுச் சுவர் தெரியவில்லை. முகவர் சட்டத்துக்கு மாறாக எதுவும் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு கண் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று இந்தப் பிள்ளையைப் போன்ற ஒருத்தி உடன் வந்திருந்தால், "மாமா, இந்த அறையிலை பிள்ளையைப் படுக்க வைக்காதேங்கோ" என்று வாசலிலேயே சொல்லியிருப்பாள். இன்னொன்றையும் சொல்லியிருப்பாள். 1990க்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் அஸ்பெஸ்டஸ் கலந்த தகடுகள் உண்டு. அதன் பாவனை இந்நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2003 டிசம்பர் 31ஆம் திகதிதான். சுவரோடு சும்மா இருக்கும்வரை அதனால் ஆபத்துக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மைத்துனரையும் கூட்டிக்கொண்டு குளியலறையை உடைக்கத் தொடங்கினால் வரும் தூசு, பல பத்து ஆண்டுகள் கழித்து நெஞ்சறை உறையில் புற்றுநோயாக வெளிப்படலாம். வாங்கும்போதே வீட்டின் வயதையும் உடைப்பையும் சேர்த்து நினைக்கிற ஒருவர் வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இப்படி மனம் இரண்டு பக்கமும் இழுபட்டிருந்தபோது, சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு நடந்து பார்த்த காசில்கிறாக் நினைவுக்கு வந்தது. சிட்னி நகர மையத்துக்கு வடக்கே, மிடில் ஹாபர் கரையில் இருக்கிறது. கன்பரா நகரின் அமைப்புக்காக 1912இல் நடந்த போட்டியில் வென்றவர் வோல்ற்றர் பேர்லி கிறிபின். அந்தப் படங்களை அழகுற வரைந்தவர் அவருடைய மனைவி மரியன் மாஹொனி. 1920இன் முடிவில் கன்பரா வேலையிலிருந்து விலகிய கிறிபின், பங்குதாரர்களைச் சேர்த்து ஒரு கம்பனி அமைத்து, அக்கரையில் 650 ஏக்கர் காணி வாங்கினார். தெருக்களை வகுத்ததும் அவர், வீடுகளை வரைந்ததும் அவர், காணிகளை விற்ற கம்பனியின் நிர்வாக இயக்குநரும் அவர். நமது பிள்ளை செய்ய நினைப்பதை நூறு வருடங்களுக்கு முன் பெரிய அளவில் செய்தவர் எனலாம்.

அதனால் விளைந்த நன்மையை இன்றும் காணலாம். காணி விற்கிறவர் மட்டும் என்றால் கரையோரத்தையும் துண்டு போட்டு விற்றிருப்பார். கிறிபின் கரையோரத்தைப் பொதுவாக ஒதுக்கினார். பாறையை உடைத்துத் தெருவை நேராக்காமல், பாறை வளைந்த வழியில் தெருவை வளைத்தார். மரங்களை மறைக்காத தட்டைக் கூரை வீடுகளை அங்குள்ள மணற்கல்லிலும், தாமே காப்புரிமை பெற்ற கொங்கிறீற் கட்டிகளிலும் கட்டினார். தாமும் மனைவியுமாக அங்கேயே குடியிருந்தார்கள். தான் விற்கிற மருந்தைத் தானும் குடித்த வைத்தியர் என்று சொல்லலாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. காணி வாங்கியவர் விரும்பிய வீட்டைக் கட்ட முடியாது. வீட்டின் படத்துக்கு அவருடைய அங்கீகாரம் வேண்டும் என்று உறுதியிலேயே நிபந்தனை இருந்தது. சாதாரண ஓட்டுக் கூரை வீடு ஒன்று போதும் என்று நினைத்தவருக்கு அது சரிவரவில்லை. விற்பனை மெதுவாகவே நடந்தது. 1930களின் பொருளாதார மந்தமும் சேர்ந்தது. காசில்கிறாக்கில் அவர் வரைந்து எழுந்த வீடுகள் ஏறக்குறைய 15 மட்டுமே. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் வரைகிறவரும் விற்கிறவரும் ஒருவரே ஆனபடியால், வாங்குகிறவருக்கு இரண்டாவது அபிப்பிராயம் கேட்க இடமில்லாமல் போயிற்று.

கிறிபின் 1935இல் லக்னௌவுக்குப் போய், அங்கே பல்கலைக்கழக நூலகத்துக்கும் 'பயனியர்' பத்திரிகைக் கட்டடத்துக்கும் படம் வரைந்தார். 1937 பெப்ரவரியில், பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வயிற்றின் உள்ளுறையில் ஏற்பட்ட அழற்சியால் அங்கேயே காலமானார். பெனிசிலின் நோயாளிகளுக்குக் கிடைத்தது 1940களில். கன்பராவை வரைந்தவர் நம் பாரத மண்ணில் அடக்கமாகியிருக்கிறார் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

மெல்பேண் அன்பர்கள் தங்கள் நகரத்து உதாரணம் ஒன்றைக் கேட்பார்கள். அங்கே 1947இல் கட்டடக் கலைஞர் சங்கமும் 'த ஏஜ்' பத்திரிகையும் சேர்ந்து சிறு வீட்டுச் சேவை ஒன்றை நடத்தின. முதல் இயக்குநர் றொபின் பொயிட். ஐந்து பவுணுக்கு நல்ல வீட்டுப் படம் ஒன்றை வாங்கலாம். காணியை எங்கே வாங்குவது, யாரைக் கொண்டு கட்டுவது என்பது வாங்கியவர் பாடு. அறிவை மட்டும் விற்று, மற்றதை மக்கள் கையில் விட்ட முறை அது. சுதந்திரம் உண்டு, துணை குறைவு.

ஆகவே என் முடிவு இதுதான். இரண்டு தொழிலையும் ஒருவர் செய்வது பிழையல்ல. அந்தக் கண் யாருக்காகப் பார்க்கிறது என்பது தெரியாமல் இருப்பதுதான் பிழை. சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரே விற்பனையில் ஒரு முகவர் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சேர்ந்து வேலை செய்ய முடியாது. ஒரு சட்டத்தரணியையோ வேறு தொழிலாளரையோ சிபாரிசு செய்தால், அவரோடு உள்ள உறவையும், அதனால் தனக்குக் கிடைக்கும் பலனையும் சொல்லியாக வேண்டும்.

அன்பர்களுக்கு வைத்தியன் எழுதும் மருந்துச் சீட்டு:

முதலாவது, "இந்த வீட்டில் உங்களுக்குக் கூலி தருபவர் யார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நம்முடைய பிள்ளைதானே என்று கேளாமல் விடாதீர்கள்.

இரண்டாவது, கட்டடத்தையும் கறையானையும் பரிசோதிப்பவரை நீங்களே தேடிப் பிடியுங்கள். சட்டத்தரணியையும் அப்படியே. அது உங்கள் இரண்டாவது அபிப்பிராயம்.

மூன்றாவது, அவசரப்படுத்தினால் நில்லுங்கள். கையெழுத்திட்ட பின் மனம் மாற நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வேலை நாட்களும் விக்டோரியாவில் மூன்று வேலை நாட்களும் உண்டு; அதற்கும் ஒரு சிறு தொகை இழக்க வேண்டும். ஏலத்தில் வாங்கினால் அந்த அவகாசமே இல்லை.

நான்காவது, விற்பதற்காகத் திருத்தச் சொன்னால், "நீங்கள் வரைவதற்கு எவ்வளவு, விற்பதற்கு எவ்வளவு?" என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப மாமா, என்ரை முதல் கடுதாசியிலையே நான் ஆருக்காக வேலை செய்யிறன் எண்டு மேலை எழுதிவிடுறன்" என்றாள். உரைகல்லையும் தராசையும் பற்றிக் கேட்ட பெரியவர், மகளுக்கு வீடு பார்க்க அவளையே அழைத்துப் போவதாக அறிகிறேன். பரிசோதகரைத் தானே பிடிக்கப் போகிறாராம்.

அடுத்த இதழில் நீரிழிவு. அதுவரை பாயசத்தைக் குறையுங்கள்.